இரண்டும் இடக்கை

லிஃப்ட் மெக்கானிக் பதினான்கு மாதமாக ஒரு இரும்புத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட நடுவில் நாலு நாள் அலுத்துப்போய்ச் சும்மா இருப்பார்கள். இவர் இருக்கவில்லை. அதே துண்டுக்காக அவருடைய மனைவியும் உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் அவருக்குத் தெரியாது. வண்டி ஓட வேண்டுமே என்று அவர் தேடினார். வண்டி ஓடினால்தான் வாயைத் திறக்க முடியும் என்று அவள் காத்திருந்தாள்.

வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. பழைய அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர், நாலு கதவு, முன்பக்கம் சோபாவைப் போல ஒரே நீள சீட்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஓட்டலுக்கு லிஃப்ட் பழுது பார்க்கப் போனபோது, அடித்தளத்தில் நாலு டயரும் காற்றிறங்கிக் கிடந்தது. "இடத்தைக் காலி பண்ணிக் குடுத்தாப் போதும், எடுத்துட்டுப் போங்க" என்று ஓட்டல்காரர் ஒரு கும்பிடு போட்டார். அன்றைக்கே மெக்கானிக் அதன் காதலில் விழுந்துவிட்டார். வீட்டுப் பிள்ளைகள் அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்தார்கள். மெதுவாக எழும், எழுந்தால் இருமும், இருக்கிற இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ளும். வேறு என்ன பெயர் வைப்பது? இரண்டு தெரு தள்ளி, அச்சகத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் பெரியவர் குடியிருந்தார்.

அவள் ஆயத்த ஆடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பதினெட்டு மேஜை, முப்பத்தாறு ஆட்கள். அவள் கத்தரியைக் கீழே வைத்தால் மொத்த ஹாலும் நிமிர்ந்து பார்க்கும். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்தால் வாயில்லாப் பூச்சி. அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று குடும்பம், ஒரு மாமியார், நாலு அறை. இவர்களுடைய அறைக்கும் பெரிய ஓரகத்தியின் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அதுவும் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "ஆவி பிடிம்மா" என்று பதில் வரும். ஓரகத்தி நல்லவள்தான், காதுதான் கொஞ்சம் அதிகம் நல்லது.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் "பேட்டரி இறங்கிடக் கூடாது, ஓட்டிட்டு வரோம்" என்று சொல்லிவிட்டுப் பெரியவரைக் கிளப்பிக்கொண்டு போவார்கள். ஊரை ஒரு சுற்று, ஆற்றுப் பாலம் வரைக்கும், திரும்பி வர ஒன்றரை மணி நேரம். மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் எப்போது, சின்ன ஓரகத்தி பேசியதற்கு என்ன அர்த்தம், எல்லாம் அந்தச் சீட்டில்தான் முடிவாகும். இருபத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் உருப்படியாகப் பேசிக்கொண்டது இந்த ஒன்பது வருஷம்தான் என்று அவளே ஒரு தடவை கணக்குப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். மற்றபடி அவர் பேசுகிற ஆள் இல்லை. நாள் முழுக்க லிஃப்டுக்குள் ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்கிற ஜனங்களோடு பழகிப் பழகி, அவருக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலம் ஏறும்போது வலதுபக்கத்தில் படபடவென்று சத்தம் கிளம்பியது. வீடு திரும்புவதற்குள் டிராக்டர் தோற்றுவிடும் போலாகிவிட்டது. கூடவே காருக்குள் புகை நாற்றம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போய்விட்டது என்று அவர் சொன்னபோது அவளுக்கு அது ஏதோ வியாதியின் பெயராகத்தான் பட்டது. அவர் விளக்கினார். எஞ்சினுக்கு இந்தப் பக்கம் நாலு வாய், அந்தப் பக்கம் நாலு வாய். ஒரு பக்கத்து நாலு வாயிலிருந்தும் வருகிற புகையை வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, கீழே சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்பிரும்புக் குழாய்தான் மேனிஃபோல்டு. பக்கத்துக்கு ஒன்று. வலதுபக்கத்தது விரிசல் விட்டிருந்தது. கழற்றப் போனால் மூன்று துண்டாகக் கையோடு வந்துவிட்டது. வெல்டிங்காரரிடம் கொடுத்து ஒட்டவைத்தார்; சூடேறியதும் அதே இடத்தில் டப்பென்று விட்டது. துண்டுகளை ஒரு கோணிப்பையில் போட்டுக் கட்டி மூலையில் வைத்துவிட்டுத் தேடப் புறப்பட்டார்.

தேடினார் என்றால் அப்படி இப்படி இல்லை. எந்த வருஷத்து மாடல், எந்த எஞ்சின், எந்தப் பக்கம் என்று தடித்த புத்தகம் ஒன்றை வரவழைத்து, அதை மனப்பாடம் செய்தார். கடல் தாண்டி இருக்கிற முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார். பழைய இரும்புக் கடைகளில் அவர் கால் படாத கடை இல்லை. ஊர்க்கோடியில் ஒரு உதிரிபாகக்காரர் இருந்தார். யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் "இருக்கு" என்பார். அப்புறம்தான் இருக்கிறதா என்று பார்க்கப் போவார். ஊரே அவரை 'இருக்கு' என்றுதான் கூப்பிடும்.

"இந்த மாடலுக்கு ரைட் சைடு மேனிஃபோல்டு வேணும்."

"இருக்கு."

முக்கால் மணி நேரம் குவியலுக்குள் உருண்டு புரண்டுவிட்டு, மீசையெல்லாம் துருவோடு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். மெக்கானிக் புரட்டிப் பார்த்தார்.

"இது லெஃப்ட்டுங்க."

"மேனிஃபோல்டு இருக்கான்னு கேட்டீங்க. இருக்கு."

இரண்டு மாதம் கழித்துப் போனபோதும் அதே கதை. மூன்றாவது தடவை அவளும் கூடப் போயிருந்தாள். இருக்கு மன்றாடவே ஆரம்பித்துவிட்டார். "சார், எல்லாருக்கும் வலதுதான் உடையுது. அதனால வலது எவன்கிட்டயும் இருக்காது. இடதைச் சீண்ட ஆள் இல்ல. நீங்களாவது தூக்கிட்டுப் போங்க, எனக்கு இடமாவது மிச்சமாகும்."

"ரெண்டு கால்லயும் இடது செருப்பையா மாட்டிட்டு நடக்கறது?" என்று கேட்டுவிட்டு மெக்கானிக் விறுவிறுவென்று வெளியே நடந்தார். அந்தப் பதிலில் அவருக்கே கொஞ்சம் பெருமை.

இதற்கு நடுவில்தான் அவளுக்கு அந்தக் கடிதம் வந்தது. கம்பெனி வேறொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறது. நாற்பது மேஜை. கட்டிங் பிரிவு முழுவதற்கும் அவள்தான் பொறுப்பு. பஸ்ஸில் ஆறு மணி நேரம் போக வேண்டிய ஊர். "மூணு வாரம் டைம் தரேன். திங்கட்கிழமைக்குள்ள பதில் வேணும். ஞாயித்துக்கிழமையானாலும் பரவாயில்ல, கூப்பிடுங்க. நீங்க இல்லைன்னா வெளியாளைத்தான் போடணும்" என்றார் மேனேஜரம்மா. பதினேழு வயதில் நூல் பொறுக்கக் கம்பெனிக்குள் நுழைந்தவள். கடிதத்தைப் படித்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போதே புருஷன் நினைவு வந்தது.

அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் அம்மாவை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வெளியே தங்கியதில்லை. வீட்டில் வைத்துச் சொன்னால், அவர் பதில் சொல்வதற்கு முன்னால் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்துவிடும். போனில் சொல்லலாம் என்றால், லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடையாது. டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆறாவது மாடியில் லிஃப்ட் நின்றுபோன கதையைச் சொல்ல நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒரு வார்த்தை சொல்வதற்கு ஒரு கார் வேண்டுமா என்று யாரும் கேட்கலாம். உண்மையைச் சொன்னால், முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குப் பயம். காரில் இரண்டு பேரும் ரோட்டைத்தான் பார்ப்பார்கள். அவர் முகம் வாடினால்கூட அவள் கண்ணில் படாது.

கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் வைத்துவிட்டு, அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த இரும்புத் துண்டுக்காகக் காத்திருந்தாள்.

வந்தது. கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது, புதன்கிழமை, கடல் தாண்டி ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. வலதுபக்க மேனிஃபோல்டு, புத்தகத்தில் போட்டிருந்த அதே எண். பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் வீடே பெட்டியைச் சுற்றி நின்றது. "இதுக்கா இவ்வளவு நாள்? தண்ணிக் குழாய் மாதிரி இருக்கு" என்றார் மாமியார். மெக்கானிக் அதைத் துணியால் துடைத்துத் துடைத்துக் கையில் வைத்திருந்த அழகைப் பார்த்தால், மகள் பிறந்தபோதுகூட இவ்வளவு பதமாகத் தூக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"சனிக்கிழமை மாட்டிடலாம். ஞாயித்துக்கிழமை பாலம் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார். அவளுக்குக் கணக்கு சரியாக வந்தது. ஞாயிறு சொல்லிவிடலாம், திங்கள் பதில் கொடுத்துவிடலாம்.

சனிக்கிழமை காலையில் இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். முன்னால் அச்சகத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பழைய துணியில் போல்ட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்தாள். அவர் பானெட்டைத் தூக்கி, கசிவை அடைக்கிற கேஸ்கட்டை வைத்து, மேனிஃபோல்டை மெதுவாக இறக்கினார். நாலு வாயும் நாலு ஓட்டைக்கு நேராக வந்தன. அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் ஒரு அங்குலம் உள்ளே தள்ளினார். டங்கென்று இடித்தது.

மறுபடி எடுத்துச் சாய்த்துத் தள்ளினார். டங். கீழிருந்து கொண்டுபோய்ப் பார்த்தார். டங். புகை வெளியே போகிற கழுத்து பின்பக்கம் இருந்தது. சரியாக அந்த இடத்தில் ஸ்டியரிங் பெட்டி குந்தியிருந்தது. தலைகீழாக நின்றாலும் அது உள்ளே போகாது. போதாக்குறைக்கு, காருக்கு அடியில் சைலன்சர் குழாய் முன்பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

அவர் இறங்கித் தரையில் உட்கார்ந்தார். திட்டவில்லை, கத்தவில்லை. ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த ஸ்பேனர். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தப்பா அனுப்பிட்டானா?" என்றாள்.

"நம்பர் சரியா இருக்கு. எல்லாம் சரியாத்தான் இருக்கு." ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "வித்துடலாம்" என்றார். "இரும்பு விலைக்குப் போகும். எனக்குத் தெம்பு இல்லம்மா."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த மனிதர் கைவிட்டால் அவள் எங்கே போய்ப் பேசுவாள்? நாளைக்கு ஞாயிறு. நாற்பது மேஜை ஒரு இரும்புக் குழாயில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது.

"எழுந்திருங்க முதல்ல. பழசை எங்க வெச்சிருக்கீங்க?"

"அது எதுக்கு? உடைஞ்சுபோனது."

"உடைஞ்சா என்ன? அதுதானே இத்தனை வருஷம் இந்த இடத்துல இருந்துது? எப்படி இருந்துதுன்னு அதைத்தானே கேக்கணும்? புத்தகத்தையா கேப்பாங்க?"

மூலையிலிருந்த கோணியை அவளே அவிழ்த்தாள். துண்டுகளைத் தரையில் கொட்டி, உடைந்த வாயோடு வாய் வைத்துப் பொருத்தினாள். கம்பெனி ஆள் ஆயிற்றே, கைப்பையில் எப்போதும் பழுப்புத் தாளும் சாக்குக்கட்டியும் இருக்கும். தாளை விரித்து, பொருத்திய துண்டுகளை அதன்மேல் வைத்து, சுற்றிக் கோடு போட்டாள். பக்கத்தில் புது மேனிஃபோல்டை வைத்து அதற்கும் கோடு போட்டாள். எழுந்துபோய், காரில் இன்னும் மாட்டியபடியே இருந்த இடதுபக்க மேனிஃபோல்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பி வந்து தாளைப் பார்த்தாள். மறுபடி காரைப் பார்த்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கத்தரி பிடித்த முதல் மாதம் அவள் செய்த கூத்து ஒன்று உண்டு. சட்டைக் கை வெட்டும்போது துணியை முகத்துக்கு முகம் பார்க்கிற மாதிரி மடக்கி மடக்கி அடுக்க வேண்டும். அப்போதுதான் ஒரு வெட்டில் இடக்கையும் வலக்கையும் ஜோடியாக விழும். அவள் எல்லாத் துணியையும் முகம் மேலே பார்க்கிற மாதிரி அடுக்கி வெட்டிவிட்டாள். அறுபது சட்டை, நூற்றிருபது கை, அத்தனையும் இடக்கை. அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் எந்த ஜோடியைப் பார்த்தாலும், அது ஜோடியா இல்லை ஒன்றே இரண்டா என்று அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"என்னங்க, இங்க வாங்க. உங்க பெரியவர் ரெண்டு கையும் இடக்கையா மாட்டிட்டு இருந்திருக்காரு."

"என்ன உளர்றே?"

"பாருங்க. இந்தப் புதுசும் அந்த இடதும்தான் ஜோடி. கண்ணாடில பார்த்த மாதிரி இருக்கா? ரெண்டுக்கும் கழுத்து பின்னாடி. ஆனா இந்த உடைஞ்சது ஜோடி இல்ல. இது அந்த இடதேதான். அப்படியே திருப்பி மாட்டியிருக்கு. திருப்பினா கழுத்து முன்னாடி வந்துடுதில்ல?"

அவர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். காருக்கு ஓடினார், இடதைத் தடவிப் பார்த்தார், ஓடிவந்து உடைந்த துண்டுகளில் ஓட்டைக்கு ஓட்டை விரலால் அளந்தார். பதினான்கு மாதம் புத்தகத்தைப் பார்த்த மனிதர் முதல் தடவையாக இரும்பைப் பார்த்தார். நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டார்.

"ஸ்டியரிங்!" என்றார். "அந்த ஊர்ல ஸ்டியரிங் இடதுபக்கம். இங்க கொண்டுவந்தப்புறம் எவனோ வலதுபக்கத்துக்கு மாத்தியிருக்கான். மாத்தினதும் பெட்டி இங்க வந்து உக்காந்துடுச்சு, வலதுபக்கத்துக் குழாய்க்கு இடம் இல்ல. அதனால ஒரு இடதைத் தேடிப் பிடிச்சு, திருப்பி மாட்டி, கழுத்தை முன்பக்கம் விட்டிருக்கான். எஞ்சின் ரெண்டு பக்கமும் ஒண்ணேதான், எதையும் எதுலயும் மாட்டலாம். கெட்டிக்காரன்!" சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். முகத்தில் அசடு வழிந்தது. "அப்போ அந்த இருக்கு... மூணு தடவை..."

"மூணு தடவை கையில குடுத்தாரு. நீங்க செருப்புக் கதை சொல்லிட்டு வந்தீங்க."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டருக்கு ஓடினார். அவள் புது மேனிஃபோல்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

உதிரிபாகக்காரர் மதியச் சாப்பாடு முடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தார். மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"அந்த லெஃப்ட் மேனிஃபோல்டு..."

"இருக்கு" என்றார் அவர். அப்புறம்தான் யாரென்று பார்த்தார். வாய் காது வரைக்கும் விரிந்தது. "வாங்க சார், வாங்க! இடது செருப்பு வேணுமா?"

"வேணும்."

"ரெண்டு காலுக்குமா?"

"அதான் வந்துட்டேன்ல? விடுங்க."

இருக்கு விடுகிற ஆள் இல்லை. கடையிலிருந்த மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டு முதலிலிருந்து கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் எழுந்தார். மேனிஃபோல்டு குவியலில் இல்லை. ஒரு பெஞ்சின் ஒரு கால் உடைந்திருந்தது, அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டு உருவினார். அவள் மடியிலிருந்த புதியதைப் பார்த்ததும் அவர் பல்குச்சியைத் துப்பினார்.

"அம்மா, அது ரைட்டா? ரைட்டேதானா? அதுக்கு மூணு பேர் என் உயிரை எடுத்துட்டிருக்காங்க. அதைக் குடுத்துட்டு இதைக் கொண்டுபோங்க. இதோட சேர்த்து இன்னொரு இடதும் தரேன், ஸ்பேரா வெச்சுக்கோங்க. பெஞ்சுக்கு நான் செங்கல் வெச்சுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக இருவரும் கொட்டகையில் இருந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் சேதி தெரிந்துவிட்டது. இன்றைக்குப் பெரியவர் எழுந்துவிடுவார், எழுந்ததும் முதலில் வாசலுக்குத்தான் வருவார் என்று பிள்ளைகள் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்கள். பெரிய ஓரகத்தி தண்ணீர் பாட்டிலெல்லாம் நிரப்பிவிட்டாள். மாமியார் முன்சீட்டில் ஜன்னலோரம் தனக்குத்தான் என்று முந்தின நாளே சொல்லிவைத்துவிட்டார். முன்சீட்டில் மாமியார், பின்சீட்டில் ஓரகத்தி, மடிகளில் பிள்ளைகள். எங்கே சொல்வது? எப்போது சொல்வது? நாளைக்குத் திங்கள்.

"கனமா இருக்கு. நான் மேலேர்ந்து போல்ட் போடறேன். நீ அடியில படுத்துத் தாங்கிப் பிடிக்கறியா?" என்றார்.

கீழே அட்டையை விரித்து மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தாள். இரண்டு கையாலும் மேனிஃபோல்டை ஏந்தி மேலே தூக்கினாள். இந்தத் தடவை டங்கென்று இடிக்கவில்லை. கழுத்து முன்பக்கமாக வந்து, காத்திருந்த குழாயின் வாயோடு வாய் சேர்ந்தது. அவர் மேலே எஞ்சினுக்குள் குனிந்திருந்தார். அவளுக்கு அவருடைய விரல் மட்டும் தெரிந்தது. அவருக்கு அவளுடைய விரல் மட்டும் தெரிந்திருக்கும். அச்சகத்துக்கு விடுமுறை. சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை.

சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்ன?

"என்னங்க."

"ம். அசையாம பிடி."

"எனக்கு ஒரு எடம் வந்திருக்கு. புதுக் கிளையில. நாப்பது மேஜை. கட்டிங் மொத்தமும் நான்தான் பாக்கணுமாம்."

மேலே ஒரு போல்ட் நழுவி, டிங் டிங்கென்று எங்கெங்கோ மோதிக்கொண்டே வந்து அவள் காதோரம் விழுந்தது. அவள் ஒரு கையால் இரும்பைத் தாங்கிக்கொண்டு மற்ற கையால் போல்ட்டை எடுத்து மேலே நீட்டினாள். விரல்கள் வந்து வாங்கிக்கொண்டன.

"எந்த ஊர்ல?"

ஊரைச் சொன்னாள்.

"ஆறு மணி நேரம்."

"ஆமா."

"எப்போ சொல்லணும்?"

"நாளைக்குள்ள."

"நாளைக்கா?" குரல் உயர்ந்தது. "எப்போ வந்தது?"

"மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரமா? மூணு வாரமா வாயில என்ன வெச்சிருந்தே? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வண்டி ஓடலையே" என்றாள்.

மேலே ஸ்பேனர் நின்றது. அவளுக்குக் கை வலித்தது, கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கையில்லை. கோபித்துக்கொண்டாரா, அழுகிறாரா, ஒன்றும் தெரியவில்லை. முகம் தெரியாத இடம் வேண்டும் என்றுதானே இத்தனை நாள் காத்திருந்தாள்? இப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஸ்பேனர் மறுபடி திரும்ப ஆரம்பித்தது. ஒரு போல்ட், இரண்டாவது, மூன்றாவது. "கையை எடுத்துக்கோ, நின்னுடுச்சு" என்று மட்டும் சொன்னார். அவள் வெளியே நகர்ந்து வந்து எழுந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் கீழே போய்க் குழாயை முடுக்கினார், மேலே வந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை முடுக்கினார், கையைத் துடைத்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தார்.

சாவியைத் திருப்பினார். பெரியவர் இருமினார், உறுமினார், ஒரு தடவை உலுக்கிக்கொண்டார். பிறகு அடங்கினார். எஞ்சின் ஓடுகிறதா என்று பானெட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஓடியது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு ஒழுங்காக ஓடியது. அவர் இறங்கி வந்து, மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளைப் பிடித்துக் காட்டினார். தாள் ஆடவில்லை; புகை எங்கேயும் கசியவில்லை.

"ஏறு" என்றார்.

சந்தைத் தெரு வழியாக வந்து தங்கள் தெருவுக்குள் திரும்பினார்கள். வாசலில் படை திரண்டு நின்றது. பிள்ளைகள் குதித்தார்கள். மாமியார் பையை மாட்டிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். கார் வந்தது, கொஞ்சம் மெதுவானது, அப்படியே அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. பெரிய ஓரகத்தி உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது.

"என்னங்க, அத்தை நிக்கறாங்க!"

"பார்த்தேன்."

"நிறுத்தலையா?"

"திரும்பி வரும்போது ஏத்திக்கலாம்."

தன் அம்மா வாசலில் காத்து நின்றும் அவர் நிற்காமல் போனது ஜென்மத்தில் இதுதான் முதல் தடவை. மூன்று தெரு தாண்டும் வரைக்கும் அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தில் ஏறும்போது தொண்டையைச் செருமினார்.

"எனக்கு வருத்தம்தான்" என்றார். "சொல்லலேன்னு. வேலை வந்ததுக்கு இல்ல. வேலை வந்ததுக்கு... நூல் பொறுக்கப் போனவ நீ." கொஞ்ச தூரம் ஓட்டினார். "எங்க கம்பெனிக்கும் அங்க ஆபீஸ் இருக்கு. கேட்டா மாத்திக் குடுப்பான். ஆள் இல்லாமத்தான் அல்லாடறான். மூணு நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் சனிக்கிழமை ராத்திரி வந்து உன்னைப் பார்த்துட்டுத் திங்கட்கிழமை திரும்பிடுவேன்."

"அத்தைகிட்ட?"

"அண்ணன் இருக்கான், தம்பி இருக்கான். கூடவே அம்மாவுக்கு உன் ஓரகத்தி காது இருக்கு, நாம இருமினாக்கூட அங்கேர்ந்து கேட்டுடும்." அவரே சிரித்துவிட்டார். "சொல்றது நான் சொல்றேன். அழுவாங்க. நாலு நாள் பேச மாட்டாங்க. அப்புறம் பாத்திரம் பண்டமெல்லாம் கட்டிக் குடுக்க ஆரம்பிச்சுடுவாங்க, எனக்குத் தெரியாதா?"

மூன்று வாரமாக அவள் அடுக்கி வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் வேலையில்லாமல் உள்ளேயே கிடந்தன. அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கன்னத்தில் கிரீஸ். கண் சிவந்திருந்தது. பயப்படும்படி அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. இதைப் பார்க்கவா இத்தனை நாள் பயந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"நாளைக்குக் காலையில சொல்லிடறேன்" என்றாள்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே கூப்பிடு. மூணு வாரம் வெச்சிருந்தது போதும்."

கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே மேனேஜரம்மா எடுத்துவிட்டார்.

"மேடம், நான் போறேன் மேடம். எழுதிக்கோங்க" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். "ரொம்ப சந்தோஷம்மா. வீட்ல பேசிட்டீங்களா? எங்கேர்ந்து பேசறீங்க, இவ்வளவு அமைதியா இருக்கு?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். பாலம் முடிந்து ஆற்றின் அக்கரைச் சாலை நேராகப் போய்க்கொண்டிருந்தது. வழக்கமாகத் திரும்புகிற இடத்தை அவர் தாண்டிவிட்டிருந்தார்.

"வண்டியிலேர்ந்து மேடம்" என்றாள். "இப்பத்தான் பேசினோம்."